முதல் தடவையும் கடைசித் தடவையும்

இரண்டு பலகைகள்தான் இருந்தன. ரீச்சர் அவற்றைப் பழைய நூல்சேலை ஒன்றில் சுற்றி, தம்பலகாமத்திலிருந்து ஓட்டோவில் மடியில் வைத்தபடியே கொண்டுவந்திருந்தார். அவருடைய அம்மாவின் வீட்டு முன்கதவு அது. வீடு இப்போது இல்லை. கதவிலும் கறையான் தொடாமல், வெடிக்காமல் மிஞ்சியது இவ்வளவுதான்.

"பிள்ளை, சாமியறைக் கதவுக்கு இதிலை ரெண்டு தாமரை வெட்டித் தரவேணும். ஒரு பக்கத்துக்கு ஒண்டு."

சேலையை விரித்தேன். முதிரை மரம். வெயிலும் எண்ணெயும் பட்டு மேற்பக்கம் கறுத்துப்போயிருந்தது. ஓரத்தில் ஒரு இடத்தை உப்புத்தாளால் தேய்த்ததும் உள்ளே அந்தப் பொன் நிறம் தெரிந்தது. தூக்கிப் பார்த்தால், கிட்டத்தட்ட அதே கனவளவுத் தண்ணீரின் பாரம். இந்த வயதுள்ள முதிரை இப்போது எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் அது ரீச்சரின் அம்மா திறந்து மூடிய கதவாக இருக்குமா? மூன்றாவது பலகை இல்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முதலாவதைக் கெடுத்தேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்குக் காரணம், மரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளில் உள்ள ஒரே ஒரு சின்னப் பெட்டி. அதில் போட்ட ஒரே ஒரு எண்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு சிஎன்சி ரூட்டர், கணினி சொல்லும் பாதையில் பிட் என்ற சுழலும் அலகை ஓட்டி மரம் வெட்டும் இயந்திரம். பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் 2.2 கிலோவாட். அதுவரை அதில் ஓடிய வேலைகளில் முக்கால்வாசி, மரநாரைப் பொடியாக்கி அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை, மீதி பிளைவூட். பான்ட்ரி கபேட் கதவுகள், கடைப் பெயர்ப் பலகைகள், ஹோட்டல்களுக்கு அறை இலக்கங்கள். அவை ஒன்றுக்கொன்று மாறாத சரக்கு. ஒரு எண் ஒருமுறை சரிவந்தால் எப்போதும் சரிவரும். 6 மில்லிமீற்றர் பிட், ஒரு தடவைக்கு 6 மில்லிமீற்றர் ஆழம். பிட்டின் விட்டமும் ஒரு தடவை இறங்கும் ஆழமும் ஒன்றாக இருக்கலாம் என்பது மென்மையான பலகைகளுக்குப் பலரும் சொல்லும் கணக்கு. எம்டிஎஃப்பில் அது எனக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. அந்த எண்ணை மென்பொருளின் பிட் பட்டியலில் சேமித்தும் வைத்திருந்தேன்.

இந்த வேலை செய்யாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். தாமரை மேலே நிற்கவேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள தளத்தைக் கீழே இறக்கவேண்டும். நாங்கள் கணக்கிட்டது 11 மில்லிமீற்றர். அந்த 11ஐயும் இயந்திரம் ஒரே மூச்சில் வெட்டாது. படிப்படியாக இறங்கும். முழு ஆழம் எவ்வளவு என்று ஒரு பெட்டியில் கொடுக்கிறோம், ஒரு தடவைக்கு எவ்வளவு இறங்கலாம் என்று இன்னொன்றில் கொடுக்கிறோம். இரண்டாவதுதான் பாஸ் டெப்த். முழு ஆழத்தை வரைபடம் தீர்மானிக்கிறது. பாஸ் டெப்த்தை நாம்தான் தீர்மானிக்கவேண்டும். ஆனால் பட்டியலில் இருந்து பிட்டைத் தெரிவுசெய்ததும் அது தானாக நிரம்பிவிடுகிறது. நிரம்பியிருக்கும் பெட்டியை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

11ஐ 6ஆல் பிரித்தால் இரண்டு தடவை. மென்பொருள் அதைச் சமமாகப் பங்கிட்டு 5.5, 5.5 என்று எடுத்துக்கொண்டது. பிட் பலகையில் நகரும் ஓட்டம் நிமிடத்துக்கு 2400 மில்லிமீற்றர், அது சுழல்வது நிமிடத்துக்கு 24000 சுற்று. எல்லாம் எம்டிஎஃப் கணக்கு.

தொடங்கி ஒரு நிமிடம் இருக்காது, சத்தம் மாறியது. எம்டிஎஃப் வெட்டும்போது ஒரே சீரான இரைச்சல்தான் இருக்கும். இது கத்தியது. கத்தலுக்கு நடுவே ஒரு முக்கல். கையை நிறுத்தும் பொத்தானுக்குக் கொண்டுபோவதற்குள் டக்கென்று ஒரு அடி. ஸ்பிண்டில் ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. நான் அழுத்தி நிறுத்தினேன். தூளை ஊதிவிட்டுப் பார்த்தால், இதழின் வளைவோடு போகவேண்டிய வெட்டு 3 மில்லிமீற்றர் தள்ளி இதழின் நுனிக்குள் ஓடியிருந்தது. நுனி இல்லை.

நடந்தது இதுதான். என் இயந்திரத்தில் உள்ளவை ஸ்டெப்பர் மோட்டார்கள். இத்தனை சின்ன ஸ்டெப் நகரு என்று கட்டளை போகும், நகர்ந்ததா என்று திரும்பிக் கேட்கும் வசதி அதில் இல்லை. மரம் பிட்டைப் பிடித்து நிறுத்திய அந்தக் கணத்தில் மோட்டார் சில ஸ்டெப்களைத் தவறவிட்டது. கணினிக்கு அது தெரியாது. அது தன் கணக்கில் சரியான இடத்தில்தான் வெட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 அகலம், 5.5 ஆழம், 2400 ஓட்டம். நிமிடத்துக்கு 79 கன சென்ரிமீற்றர் மரம். முதிரையிடம், அதுவும் பின்னல் நாருள்ள ஒரு மரத்திடம், இந்தச் சின்ன இயந்திரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவைக் கேட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் பெரியப்பா வந்தார். ஓடாவியார் என்றால்தான் எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியும். சின்ன வயதில் வள்ளம் கட்டினவர், பிறகு கதவு, யன்னல், கோயில் வேலை. என் இயந்திரத்தை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை, புகழ்ந்ததும் இல்லை. பலகையைக் கையில் எடுத்து, அறுந்த நுனியைப் பெருவிரலால் தடவினார்.

"எத்தினை தரத்திலை இறக்கினனீ?"

"ரெண்டு, பெரியப்பா."

"முதிரையிலை ரெண்டு தரத்திலை ஆர் பிள்ளை இறக்கினது?"

ஓரத்தில் அறுத்துப் போட்டிருந்த ஒரு துண்டை எடுத்துவரச் சொன்னார். தன்னுடைய பையிலிருந்து உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்தார். பென்சிலால் ஒரு வளைவு கீறினார். அதன்பின் செய்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். முப்பது வருடமாக அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

முதலில் உளியை நேராகப் பிடித்துக் கோட்டின்மேல் லேசாகத் தட்டிக்கொண்டு போனார். இறங்கியது நகத்தின் தடிப்பு அளவுதான். மரத்தின் மேல்நாரை அறுத்துவிடுவதற்கு மட்டும் அது. அதைச் செய்யாமல் உள்ளே தோண்டினால் நார் கோட்டைத் தாண்டி உரிந்துவரும். பிறகு உளியைச் சாய்த்து, வெட்டி எறியவேண்டிய பக்கத்திலிருந்து கோட்டை நோக்கித் தோண்டினார். இப்போது அடி பலமாக விழுந்தது. தடித்த சீவல்கள் சுருண்டு தெறித்தன. இங்கே அவர் அவசரப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவு வேகம். அடிக்குக் கிட்ட வந்ததும் நிறுத்தினார். பனையோலைத் தடிப்புக்கு மரம் மிச்சம். எழுந்து கல்லைத் தேடினார். உளியைத் தீட்டினார். தீட்டிய உளியால், கொட்டாப்புளி இல்லாமல், கையால் மட்டும் தள்ளி அந்த மிச்சத்தை எடுத்தார். அடி கண்ணாடிபோல் வந்தது.

"கடைசிச் சீவலுக்கு முதல் உளி தீட்டவேணும்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அன்றிரவு கணினியின் முன் இருந்தேன். மென்பொருள் 11ஐச் சமமாகப் பங்கிட்டுத் தருகிறது. பெரியப்பாவோ ஒன்றையும் சமமாகப் பங்கிடவில்லை. முதல் தடவை ஒரு காரியத்துக்கு, நடுவில் உள்ளவை வேறு காரியத்துக்கு, கடைசி இன்னொன்றுக்கு. மூன்றுக்கும் மூன்று ஆழம். பாஸ் டெப்த் என்று ஒரே ஒரு எண்ணைப் போடுகிறபோது அந்த மூன்று வேலையையும் ஒரே வேலையாக நினைத்துவிடுகிறோம். எம்டிஎஃப்புக்கு மேல்நார் இல்லை, ஆகவே அங்கே அது பிழைப்பதில்லை. மரத்தில் பிழைக்கும்.

பல மென்பொருள்களில் இந்தத் தடவைகளைக் கையால் திருத்த ஒரு வழி இருக்கிறது. பாஸ் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு தடவையின் ஆழமும் தனித்தனியாகத் தெரியும், மாற்றலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளிலும் ஒரே குழியை மூன்று பாதைகளாகப் பிரித்துவிடலாம். ஒன்று மேலே இருந்து 1 மில்லிமீற்றர் வரை, அடுத்தது 1இல் தொடங்கி 10.6 வரை, கடைசி 10.6இலிருந்து 11 வரை. தொடக்க ஆழம் என்று ஒரு பெட்டி இருக்குமே, பலர் எப்போதும் சுழியமாகவே விட்டுவைக்கும் பெட்டி, அது இதற்குத்தான்.

சமமாகப் பங்கிடுவதில் இன்னொரு சங்கதியும் உண்டு. எல்லா மென்பொருளும் சமமாகப் பங்கிடாது. 11ஐயும் 3ஐயும் கொடுத்தால் ஒன்று 2.75 வீதம் நான்கு தடவை எடுக்கும், மற்றொன்று 3, 3, 3 என்று போய் மிஞ்சிய 2ஐக் கடைசியில் எடுக்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் வேலையைத் தொடங்கக்கூடாது. இரண்டாவது வகையில் 9.1 என்று கொடுத்துப் பாருங்கள். கடைசித் தடவை 0.1 ஆக நிற்கும். அதில் பிட் வெட்டாது, உரசும். முதல் வகையிலும் சிக்கல் உண்டு. 18 மில்லிமீற்றர் பிளைவூட்டை அறுக்க 6 வீதம் மூன்று தடவை போதும். ஆனால் அடிப்பலகையை லேசாகத் தொடட்டும் என்று 18.2 கொடுத்தால் மூன்று நான்காகிவிடும், ஒவ்வொன்றும் 4.55. நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பாஸ் டெப்த்தை 6.1 என்று மாற்றினால் திரும்ப மூன்றுக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது. அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு கபேட்டுக்கும் வீணாக ஒரு சுற்று ஓடியிருக்கிறது.

சரி, முதிரைக்கு நடுத் தடவைகளின் ஆழம் எவ்வளவு? கடினமான மரத்துக்குப் பிட்டின் விட்டத்தில் பாதி என்பார்கள். 6க்கு 3. அதிலும் கொஞ்சம் கீழே வந்து 2.4 என்று எடுத்தேன். ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் பார்த்தது பிட் எவ்வளவு நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை. கெட்டுப்போன அன்று 40 மில்லிமீற்றர் நீட்டியிருந்தது. ஒரு முனை பிடித்திருக்க மறுமுனையில் தள்ளினால் கோல் வளையும் அளவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. விட்டத்திலோ நான்காம் மடி. பாதி விட்டமுள்ள பிட் பதினாறு மடங்கு வளையும். 11 ஆழக் குழிக்கு 40 தேவையே இல்லை. 28க்கு உள்ளே தள்ளினேன். அதே விசைக்கு வளைவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரு சதம் செலவில்லை. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கொலெட்டின் நட்டு பலகையில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

கொலெட்டைக் கழற்றியபோது உள்ளே துரு. கடலிலிருந்து இருநூறு யார் தூரத்தில் இருக்கிறோம், வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் எந்த இரும்பும் தப்பாது. சீவலை மேலே தள்ளும் சுருள் பிட், வெட்டும்போது தன்னைத்தானே கீழே இழுக்கும். கொலெட்டின் பிடி தளர்ந்திருந்தால், ஆழமான தடவையில் பிட் கொஞ்சம் கொஞ்சமாக வழுகி இறங்கும். மென்பொருளில் 5.5 என்று இருக்கும், பலகையில் 6, 6.5 என்று போய்க்கொண்டிருக்கும். இதற்கு முன் ஒரு கபேட் கதவில் தளம் ஒரு பக்கமாகச் சரிந்து வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இப்போது ஞாயிறுதோறும் கொலெட்டைத் துடைத்து மெல்லியதாக எண்ணெய் பூசி, அந்த எண்ணெயையும் துடைத்துவிடுகிறேன்.

பயந்துபோய் மறுபக்கம் ஓடுவதும் பிழை. அரை மில்லிமீற்றர் வீதம் 22 தடவை போட்டால் பத்திரம்தானே என்று என் தங்கச்சியின் மகன் கேட்டான், பாடசாலை விடுமுறைக்கு வந்து எனக்கு உதவிக்கு நிற்பவன். அப்படிப் போட்டால் 22 தடவையும் வேலை செய்வது பிட்டின் நுனி அரை மில்லிமீற்றர் மட்டுமே. மேலே உள்ள கூர் எல்லாம் புதிதாகவே இருக்க, நுனி மழுங்கிவிடும். மழுங்கிய நுனி தேய்த்துச் சூடேற்றும். முதிரை கருகும், அந்த மணம் கொட்டகையில் இரண்டு நாள் நிற்கும். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 26 ஆண்டுகள் இரும்பையும் உருக்கையும் வெட்டிச் சோதித்து, 1907இல் முடிவுகளை வெளியிட்டார். 8 இலட்சம் இறாத்தலுக்கு மேல் உலோகத்தைச் சீவலாக்கியிருக்கிறார். அவர் போட்ட அடித்தளத்தில் வளர்ந்த கணக்கு சொல்வது, வெட்டும் கூரின் ஆயுளைக் கூடுதலாகத் தின்பது சுற்றும் வேகம், அடுத்தது ஓட்டம், ஆழம் கடைசியில்தான். உலோகத்துக்குச் சொன்னதுதான், ஆனால் முதிரை முன்னால் நின்றபோது நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே ஆழத்தைக் குறைத்ததோடு சுற்றையும் குறைத்தேன். 24000 இருந்ததை 16000 ஆக்கி, ஓட்டத்தை 2400இலிருந்து 1600 ஆக்கினேன். இரண்டு கூருள்ள பிட். ஓட்டத்தைச் சுற்றாலும் கூரின் எண்ணிக்கையாலும் பிரித்தால் ஒரு கூர் ஒருமுறை கடிக்கும் தடிப்பு வரும். முன்னும் 0.05, இப்போதும் 0.05. சீவல் அதேதான், சூடு குறைவு. சுற்றைக் குறைத்தால் இந்த ஸ்பிண்டிலின் வலுவும் அதே அளவில் குறையும், 2.2 கிலோவாட் ஏறத்தாழ 1.5க்கு வரும். 2.4 ஆழத்துக்கு அது தாராளம். நிமிடத்துக்கு 23 கன சென்ரிமீற்றர்தானே.

முதல் தடவைக்கு 1 மில்லிமீற்றர் என்று வைத்ததற்கு, மேல்நாரை அறுப்பது தவிர இன்னொரு காரணமும் இருந்தது. பழைய கதவு. மட்டமாகச் சீவியிருந்தாலும் ஒரு மூலை அரை மில்லிமீற்றர் உயர்ந்திருக்கலாம். 1 மில்லிமீற்றர் தடவையில் அது 1.5 ஆகும், பரவாயில்லை. ஆழத்தை அளக்கத் தொடங்கும் சுழியத்தைப் பிழையாக எடுத்திருந்தாலும், வரைபடத்தைத் தலைகீழாக வைத்திருந்தாலும், 1 மில்லிமீற்றர் போனதும் நிறுத்தித் திருத்தலாம். அதோடு, பழைய கதவில் ஆணி இருக்கும். காந்தத்தை இழுத்துப் பார்த்து ஒரு முறிந்த ஆணியைப் பெரியப்பா தோண்டி எடுத்தார். இன்னும் ஒன்று ஒளிந்திருந்தால் அதை மெல்லிய தடவையில் சந்திப்பது நல்லது.

ஆனால் முதல் தடவை எப்போதும் மெல்லியதாக இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளைவூட்டுக்குக் கம்ப்ரெஷன் பிட் என்று ஒன்று வருகிறது. நுனியில் கொஞ்ச நீளம் சீவலை மேலே தள்ளும், அதற்கு மேல் உள்ள பகுதி கீழே அழுத்தும். இரண்டு பக்கத் தோலும் பிசிறாமல் வருவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் முதல் தடவை, மேலே தள்ளும் அந்த நுனியின் நீளத்தைவிட ஆழமாக இறங்கவேண்டும். பயந்து 2 மில்லிமீற்றர் போட்டால் மேலே தள்ளும் பகுதி மட்டும்தான் மரத்தில் படும், மேல்தோல் முழுக்கப் பிசிறும். பிட் நல்லதில்லை என்று குறை சொல்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அங்கேயும் கதை ஒன்றுதான், முதல் தடவைக்குத் தனிக் கணக்கு.

பெயர்ப் பலகை எழுத்துகளுக்கும் ஒரு வார்த்தை. கூம்பு வடிவ வி-பிட்டில் ஆழத்தை நாம் கொடுப்பதில்லை, எழுத்தின் அகலம்தான் கொடுக்கிறது. 60 பாகைப் பிட்டால் 10 மில்லிமீற்றர் அகலக் கோட்டை வெட்டினால் 8.7 மில்லிமீற்றர் கீழே போகும், 90 பாகையென்றால் 5. தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ணை, ஞ போன்றவற்றில் சுழிக்குள்ளே ஒரு சின்னத் தீவு நிற்கும். 8.7ஐ ஒரே இறக்கத்தில் எடுத்தால் அந்தத் தீவு நாரோடு பிய்ந்து பறந்துவிடும். இரண்டு மூன்று தடவையாகப் போட்டால் நிற்கிறது. ஆங்கிலப் பலகை மட்டும் வெட்டிப் பழகினவருக்கு இது தெரிய நியாயமில்லை.

இரண்டாவது பலகையை உடனே வெட்டவில்லை. ஓரத்துண்டுகளில் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். 3 மில்லிமீற்றரிலும் வெட்டியது, ஆனால் வளைவு திரும்பும் இடத்தில் சத்தம் கொஞ்சம் ஏறியது. 2.4இல் ஏறவில்லை. அதனால்தான் 2.4. அதற்கு வேறு புத்தகக் காரணம் எதுவும் இல்லை.

கடைசியில் எண்கள் இப்படி நின்றன. முதல் தடவை 1. பிறகு 2.4 வீதம் நான்கு, அது 9.6. கடைசி 0.4. மொத்தம் 11. இதழ்களின் சுவரிலும் 0.3 மில்லிமீற்றர் மிச்சம் விட்டேன். ஒவ்வொரு தடவையும் சுவரில் ஒரு மெல்லிய வரியை விட்டுப்போகும், விரலால் தடவினால் படிபோல் தெரியும். அந்த 0.3ஐக் கடைசியில் முழு 11 ஆழத்திலும் ஒரே சுற்றாக எடுத்தால் எல்லா வரியும் ஒன்றாகப் போய்விடும். அகலம் மிகக் குறைவு என்பதால் அவ்வளவு ஆழத்தையும் பிட் பொறுக்கும். கூரின் நீளம் 11க்கு மேல் இருக்கவேண்டும், என்னுடையது 22.

பாதைகளின் வரிசையையும் மாற்றினேன். எல்லா இடமும் ஒரே மட்டத்தில் சேர்ந்து இறங்கலாம், அல்லது ஒரு குழியை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நான் நீண்ட காலமாக இரண்டாவதைத்தான் வைத்திருந்தேன். 2022இல் பழகிய பழக்கம் அது. அந்த வருடம் மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்துப் பார்த்துத்தான் இயந்திரத்தைத் தொடுவோம். பாதியில் போனாலும் முடிந்த குழி முடிந்ததாகவே இருக்கட்டும் என்று அப்படி வைத்தேன். இந்தப் பலகைக்கு அது பொருந்தவில்லை. முதல் 1 மில்லிமீற்றரை முழுப் பலகையிலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு இறங்கவேண்டும் என்று நினைத்தேன்.

வெட்டிய நாள் பெரியப்பாவும் வந்திருந்தார். கச்சான் அடிக்கும் காலம், கொட்டகைக்குள் அடுப்பு மாதிரி. முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குக் கடிக்கும், எனக்குக் கடிக்கும். முகமூடியும் நீளக் கையுள்ள சட்டையும் போட்டுக்கொண்டேன். முதல் தடவை ஓடியது. பெரிய சத்தமில்லை. தாமரையின் உருவம் மட்டும் பொன் நிறக் கோடாகக் கறுத்த பலகையில் தெரிந்தது. நிறுத்தினேன். தூளை எடுத்துவிட்டு ஓரம் ஓரமாக விரலை வைத்துப் பார்த்தோம். பிசிறு இல்லை. வடக்கு மூலையில் ஆழம் கொஞ்சம் கூட, கலிப்பரில் 1.3. அதாவது பலகை அங்கே 0.3 உயர்வு. இருக்கட்டும் என்றார்.

நடுத் தடவைகளில் கொட்டியது தூளில்லை, சீவல். குட்டிக் குட்டியாக, சுருண்டு, கையில் எடுத்தால் லேசாகச் சூடு. ஒன்றை எடுத்து பெரியப்பா விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். தன் உளியிலிருந்து வருவதைப் பார்க்கும் அதே பார்வை. சத்தம் நான்கு தடவையும் மாறவில்லை. நான் பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்தபடியே நின்றேன். தேவைப்படவில்லை.

10.6இல் நிறுத்தினேன். கடைசித் தடவையை அன்று எடுக்கவில்லை. ஒரு பக்கத்தில் இவ்வளவு மரத்தை எடுத்தால் பலகை இரவில் நெளியும். ஈரப்பதமும் இரவுக்கும் பகலுக்கும் மாறும். அடுத்த நாள் காலையில் பார்த்தபோது ஒரு ஓரம் 0.2 எழும்பியிருந்தது. இறுக்கிகளைத் தளர்த்தி, திரும்ப மட்டமாகப் பிடித்து, சுழியத்தைத் திரும்ப எடுத்தேன். முதல் நாளே 11 வரை போயிருந்தால் அந்த 0.2 தளத்தில் நிரந்தரமாக நின்றிருக்கும்.

அப்புறம் பிட்டைக் கழற்றி, பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றைப் போட்டேன். பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

0.4 ஓடி முடிந்தது. பிறகு சுவர்ச் சுற்று. உப்புத்தாள் கிட்டத்தட்டத் தேவைப்படவில்லை. சமமாகப் பங்கிட்டு 2.2 வீதம் ஐந்து தடவை போட்டிருந்தால் ஒரு தடவை மிச்சம் பிடித்திருக்கலாம், ஏழெட்டு நிமிடம்.

கெட்டுப்போன முதல் பலகையைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அறுந்த நுனியின் அளவுக்கு, அதே பலகையின் ஓரத்திலிருந்து நார் ஓடும் திசை பார்த்து ஒரு துண்டை அறுத்து, இதழில் பள்ளம் எடுத்து ஒட்டினார். இரண்டு நாள் காயவிட்டு உளியால் செதுக்கி இதழாக்கினார். மீதித் தளத்தை நான் புதிய எண்களில் இறக்கினேன். முன்னர் 5.5க்குப் போயிருந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்பின் சேர்த்து இறக்கவேண்டியிருந்தது. அதற்குப் பாதை போடத்தான் அதிக நேரம் போனது.

ரீச்சர் வந்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், எண்ணெய் பூசியபின் ஒட்டுத் தெரியவில்லை. ஆனால் அது அவருடைய அம்மாவின் கதவு.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இதழாகத் தடவினார்.

"எதிலை பிள்ளை?"

காட்டினேன். நெடுநேரம் அந்த நுனியில் விரலை வைத்திருந்தார். பிறகு, அதை வலப்பக்கக் கதவில் போடச் சொன்னார். திறக்கும்போது கை படுகிற பக்கம் அது.

பட்டியலில் இருந்த பழைய 6ஐ எம்டிஎஃப் என்று பெயர் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் தனியாக ஒரு கொப்பிப் பக்கம் வைத்திருக்கிறேன். முதிரைப் பக்கத்தில் பிட், நீட்டம், சுற்று, ஓட்டம், அதன் கீழே 1, 2.4 நான்கு முறை, 0.4 என்று இருக்கிறது, எந்த மாதம் வெட்டியது என்பதும். அடுத்த பக்கத்தின் தலைப்பில் பாலை என்று எழுதியிருக்கிறேன். மூதூரிலிருந்து ஒருவர் பழைய தூண் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார், முதிரையைவிடப் பாரம். நாளைக்கு ஓரத்துண்டில் 1.5இல் தொடங்கிப் பார்க்கப்போகிறேன். பெரியப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன்.